மூன்றாம் ஓலை

மாதாக்குப்பத்தில் ராயப்பன் வீட்டுக் கூடத்தில், திருஇருதயப் படத்துக்குக் கீழே ஓர் ஆணி உண்டு. அதில் தொங்கிய சாவி அந்த வீட்டுச் சாவி அல்ல. கோயிலை ஒட்டிய தூம்பா அறையின் சாவி. செத்தவரைக் கல்லறைக்குச் சுமந்து போகும் மரப்பெட்டியை அங்கே தூம்பா என்பார்கள். நல்ல தேக்கு. நாலு மூலையிலும் சிறகு விரித்த சம்மனசுகள் செதுக்கி, நீளமான தண்டுகள் கோத்து, ராயப்பனின் தாத்தா கோயிலுக்குச் செய்து கொடுத்தது. பெட்டியைக் கொடுத்தவர் சாவியைக் கொடுக்கவில்லை. மேலத்தெருவில் யார் செத்தாலும் அந்த வீட்டுக்கு வந்து, செருப்பை வாசலில் விட்டுவிட்டு, சாவி கேட்டு வாங்கிப் போகவேண்டும். எவ்வளவு பெரிய மனிதன் வீட்டுச் சாவானாலும் அப்படித்தான்.

காலனிக்காரர்கள் கேட்க வரமாட்டார்கள். அவர்களுக்கு மூங்கில் பாடை. பாலாற்று மணலில் இறங்கி ஊரைச் சுற்றிக்கொண்டு, கல்லறைத் தோட்டத்தின் பின்பக்கமாகப் போவார்கள். மாதா ஒன்று, சாமியார் ஒருவர், பூசை ஒன்று. பிணம் போகிற வழி மட்டும் இரண்டு.

ராயப்பன் ஆறடி உயரம். அறுபதைத் தாண்டியும் முதுகு வளையாதவர். ஆம்பூரில் ஆபித் பாஷாவோடு கூட்டாகத் தோல் மண்டி வைத்திருந்தார். உப்புத் தடவி வரும் பச்சைத் தோலை விரல் வைத்துத் தடவியே, மாடு எந்தச் சீமையில் மேய்ந்தது என்று சொல்லிவிடுவார். அப்பா சின்ன வயதிலேயே போய்விட, அந்தத் தோல் நாற்றத்தில் நின்றுதான் தம்பி சூசைமாணிக்கத்தைப் படிக்க வைத்தார். தம்பி வேலூரில் ஒரு கல்லூரியில் சரித்திரப் பேராசிரியர் ஆனார். ஊரில் அவரை 'சார்' என்றால் போதும், வேறு யாரையும் யாரும் நினைக்க மாட்டார்கள்.

சார் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அண்ணன் வீட்டிலேயே ஓர் அறை. காலை ரயிலில் வேலூர் போவார், மாலை ரயிலில் ஆம்பூரில் இறங்கி, வீட்டுக்கு வராமல் நேரே காலனிக்குப் போவார். பங்கின் வின்சென்ட் தே பவுல் சபைக்கு அவர்தான் தலைவர். வாரா வாரம் வீடு வீடாக அரிசி வாங்கி, அடுப்பு எரியாத வீடுகளில் சத்தமில்லாமல் வைத்துவிட்டு வருவார். தோல் தொழிற்சாலைச் சுண்ணாம்பில் கை வெந்தவர்களை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவது, கெட்டுப்போன கிணறுகளுக்குப் பதில் தண்ணீர் லாரி கேட்டு மனுக் கொடுப்பது, மாலையில் பிள்ளைகளுக்குப் பாடம். கோயில் நூற்றாண்டு மலருக்குச் சரித்திரம் எழுதித் தரச் சொன்னபோது, கோயில் கட்டக் கல் சுமந்தவர்கள் காலனிக்காரர்கள் என்று எழுதினார். மேலத்தெரு அதை அச்சுப் போடவிடவில்லை. ராயப்பன் அன்று தம்பியோடு பேசவில்லை. ஆனால் ஊரில் எவனாவது 'உன் தம்பி' என்று ஆரம்பித்தால், "அவன் புரொபசர். பேரைச் சொல்லிப் பேசு," என்று அறைந்தாற்போல் சொல்வார்.

அந்த வீட்டில் ஒரு வழக்கம் இருந்தது. ராயப்பன் வாய் திறந்து 'சரி' என்று சொன்னதே கிடையாது. எதைக் கேட்பதானாலும் அவர் சாப்பிடும்போதுதான் கேட்க வேண்டும். பிடிக்கவில்லை என்றால் தட்டைத் தள்ளிவிடுவார். அதற்கு மேல் பேச்சில்லை. தொடர்ந்து சாப்பிட்டார் என்றால் சம்மதம். அவர் மனைவி இன்பம் தன் தம்பிக்குச் சீர் செய்ததும், சார் கல்யாணம் வேண்டாம் என்றதும், மகன் ரிச்சர்ட் ஷூ கம்பெனியில் சூப்பர்வைசராகச் சேர்ந்ததும் அந்தத் தட்டைப் பார்த்துத்தான்.

அது தொண்ணூற்றெட்டாம் வருஷம், கத்தரி வெயில். ரிச்சர்டுக்குக் குடியாத்தத்தில் பெண் நிச்சயமாகியிருந்தது. லுங்கித் தறி வைத்திருக்கிற நல்ல கத்தோலிக்கக் குடும்பம். கோயிலில் கல்யாண ஓலை இரண்டு ஞாயிறு வாசித்தாகிவிட்டது. இன்னாருக்கும் இன்னாருக்கும் மணம், தடை ஏதும் தெரிந்தவர்கள் சொல்லவும் என்று சாமியார் மூன்று ஞாயிறு பூசையில் வாசிக்க வேண்டும். இன்னும் ஒரு ஓலைதான் பாக்கி.

அந்த வாரம் வெள்ளிக்கிழமை மத்தியானம், ஊருக்கு வெளியே தோல் பதனிடும் ஒரு டேனரியில் கழிவுத் தொட்டியைச் சுத்தம் செய்ய இறங்கியவன் மயங்கி விழுந்தான். அவனைத் தூக்க இறங்கினான் காலனி சின்னப்பன். விழுந்தவனைத் தோளில் ஏற்றி மேலே தள்ளிவிட்டான். தள்ளிய வேகத்தில் தான் உள்ளே சரிந்தான். கயிறு கட்டி இழுத்தபோது மூக்கிலும் வாயிலும் கறுப்புச் சேறு. மேலே வந்தவன் பிழைத்தான். சின்னப்பன் பிழைக்கவில்லை.

சனிக்கிழமை குடியாத்தத்துச் சம்பந்தி வீட்டார் விருந்துக்கு வந்திருந்தார்கள். ஆபித் பாஷா டேக்சாவோடு பிரியாணி அனுப்பியிருந்தார். கூடவே புளிப்புக் கத்திரிக்காய். கூடத்தில் வரிசையாக இலை போட்டு, சம்பந்தியைப் பக்கத்தில் உட்காரவைத்து ராயப்பன் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அப்போதுதான் சார் உள்ளே வந்தார். சட்டை முழுக்கக் காய்ந்த சேறு. பிண வாடையும் டேனரி வாடையும் சேர்ந்து கூடத்தில் ஏறியது. பெண் வீட்டார் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அண்ணா, சின்னப்பன் பாடி வந்துடுச்சு."

ராயப்பன் நிமிரவில்லை.

"அறுத்துத் தெச்சு துணியில சுத்திக் குடுத்துட்டாங்க. இந்த வெயிலுக்கு நிக்காதுண்ணா. பாடையில வெச்சா வழியெல்லாம் ஒழுகும். ஆத்து மணல்ல சுத்திக்கினு போற வரைக்கும் தாங்காது. தூம்பால வெச்சு நேர்த் தெருவுலயே எடுத்துக்கினு போயிடறேன். சாவி எடுத்துக்கட்டுமா?"

சம்பந்தி ஓர் எலும்பைக் கையில் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். சார் அண்ணனின் கையைப் பார்த்துக்கொண்டு நின்றார். கை இலைக்குப் போயிற்று. சோற்றைப் பிசைந்தது. உருட்டி வாயில் வைத்தது. மறுபடி இலைக்குப் போயிற்று.

சாரின் முகம் மலர்ந்தது. "நல்லா இருப்பீங்கண்ணா," என்றார். எட்டி ஆணியிலிருந்து சாவியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அது ராயப்பன் கொடுத்த சம்மதம் அல்ல. கேட்டவுடனே இலையைத் தள்ளியிருப்பார். சம்பந்தி பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடும்போது எப்படித் தள்ளுவது? பெண் கொடுக்க வந்தவன் இலைக்கு முன்னால் வீட்டுக்காரன் இலையைத் தள்ளினால் அது அவனை எழுந்து போகச் சொன்ன மாதிரி. அதனால்தான் மென்றார். மென்று விழுங்கினார்.

"இவரு தான் புரொபசருங்களா?" என்றார் சம்பந்தி.

"ஆமாங்க."

"எங்க பக்கம் தூம்பா அந்த மாதிரி எல்லாம் போவாதுங்க. நீங்க ரொம்பத் தாராளமா இருக்கறீங்க."

சொன்னவர் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அந்தச் சிரிப்பு ராயப்பனின் கன்னத்தில் விழுந்தது. பந்தி முடிந்து கை கழுவப் பின்பக்கம் வந்தார். ரிச்சர்ட் அங்கே செம்போடு நின்றிருந்தான். அதற்குள் மேலத்தெரு ஆட்கள் நாலைந்து பேர் பின்வாசலில் கூடிவிட்டார்கள்.

"இன்னா நைனா, சாவிய நீங்களா குடுத்தீங்க?" என்றான் ரிச்சர்ட்.

"நான் குடுக்கல."

"அப்ப சித்தப்பா எடுத்துக்கினு போறாரு, நீங்க சாப்டுக்கினு இருந்தீங்க?"

"இன்னிக்கு தூம்பா போவும். நாளைக்கு மாதா தேரும் அந்தப் பக்கம் போவும் மாமா," என்றான் வந்தவர்களில் ஒருவன். "அப்பறம் ஒங்க வீட்ல எதுக்கு சாவி? கோயில் வாசல்ல மாட்டிடலாம்."

இன்னொருவன், "பொண்ணு வீட்டுக்காரங்க வண்டி ஏறக்குள்ள வேடிக்கையும் பாத்துட்டுப் போவட்டும்," என்றான்.

ராயப்பன் கையை உதறினார். "தெருவுல கால வெச்சா கால ஒடிங்கடா," என்றார்.

கோபத்தில் வந்த வார்த்தை. அவர் வாயால் எத்தனையோ பேர் கால் ஒடிந்திருக்கிறது, ஒரு காலும் நிஜத்தில் ஒடிந்ததில்லை. ஆனால் ரிச்சர்ட் அதைக் காதில் வாங்கிய விதம் வேறு. அவன் கதவுக்குப் பின்னால் மாட்டியிருந்த கொக்கியை எடுத்தான். உப்பேறிக் கனத்த தோலைக் குத்தித் தூக்கும் இரும்புக் கொக்கி அது. ராயப்பனின் உள்ளங்கை பட்டுப் பட்டுப் பிடி வழவழவென்று இருக்கும். மண்டியில் ஒன்று, வீட்டில் ஒன்று என்று வைத்திருந்தார். அவன் எடுத்ததை அவர் பார்த்தார். 'கீழே வை' என்று சொல்லவில்லை.

வெயில் தாழ்ந்து நிழல் நீளும் நேரத்தில் தூம்பா காலனியிலிருந்து கிளம்பியது. முன்தண்டின் வலப்பக்கம் சார் தோள் கொடுத்திருந்தார். இடப்பக்கம் சின்னப்பனின் மச்சான் ஜோவின். பின்னால் சின்னப்பன் மனைவி கமலம். அவளைச் சுற்றிப் பெண்கள். மரித்த விசுவாசிகளுக்கான ஜெபத்தைச் சார் முன்சொல்ல, மற்றவர்கள் பின்சொன்னார்கள். கோயில் முனையில் திரும்பி, மேலத்தெருவில் முதல் வீட்டைத் தாண்டினார்கள்.

முதல் கல் சம்மனசின் தலையில் பட்டுத் தெறித்தது. அடுத்தது ஒருத்தியின் முழங்கையில். பிறகு எண்ண முடியாமல் வந்தது. தெருவின் இரு பக்கத்து வீடுகளிலிருந்தும் ஆட்கள் இறங்கினார்கள். உருட்டுக்கட்டை, சைக்கிள் செயின், கடப்பாரை. எல்லாம் தினமும் பூசைக்கு வரும் முகங்கள்தான். ஞாயிற்றுக்கிழமை நற்கருணைக்கு நாக்கு நீட்டுகிற வாய்கள் அன்று என்னென்னவோ பேசின.

"எறக்கு. எறக்குடா தூம்பாவ."

"சார், நீங்க நவுருங்க. உங்களுக்கு இதுல இன்னா வேலை?"

"நான் நவுந்தா பெட்டி விழுந்துடும்டா," என்றார் சார். அவ்வளவுதான் சொன்னார்.

ராயப்பன் தன் வீட்டு வாசல்படியில் நின்றிருந்தார். பக்கத்தில் சம்பந்தி. வண்டி வரவில்லை என்று அவர் நின்றுகொண்டிருந்தார்.

ஜோவினின் முதுகில் செயின் விழுந்தது. அவன் கால் மடங்கியது. தண்டு தோளிலிருந்து நழுவ, தூம்பா ஒரு பக்கம் சாய்ந்து மூடி திறந்துகொண்டது. சின்னப்பன் சரிந்து வெளியே வந்தான். சுற்றியிருந்த துணி அவிழ்ந்தது. நெஞ்சிலிருந்து அடிவயிறு வரை தைத்த தையல். நகக்கண்களில் இன்னும் கறுப்புச் சேறு. அந்த உடம்பு மண்ணில் விழாமல் பிடிக்கச் சார் குனிந்தார்.

ரிச்சர்ட் காலைக் குறி வைத்துத்தான் கொக்கியை வீசினான். ராயப்பன் அதைக் கண்ணால் பார்த்தார். அப்பா சொன்னபடி காலைத்தான் குறி வைத்தான். பிணத்தைப் பிடிக்கக் குனிந்தவரின் தலை, கால் இருந்த உயரத்துக்கு வந்துவிட்டது. கொக்கியின் முனை நெற்றிப்பொட்டில் ஏறி, கண்ணை வாரிக்கொண்டு வெளியே வந்தது. நனைந்த தோலைக் கிழிக்கிற சத்தம். அந்தச் சத்தம் ராயப்பனுக்கு நாற்பது வருஷமாகத் தெரியும்.

சார் கத்தவில்லை. பிணத்தின் மேலேயே கவிழ்ந்தார். அவர் ரத்தம் சின்னப்பனின் தையல் மேல் ஓடியது.

அதற்குப் பிறகு நடந்தது வெறும் வெறி. காலனி ஆட்களைக் கோயில் முனைவரை அடித்துக்கொண்டே போனார்கள். தூம்பாவைக் கடப்பாரையால் பிளந்தார்கள். "இனி இது எதுக்கு? தீட்டாயிடுச்சு," என்று ஒருவன் மண்ணெண்ணெய் ஊற்றினான். தேக்கு லேசில் பிடிக்காது. பிடித்த பிறகு நின்று எரிந்தது. சம்மனசுகளின் முகம் கறுத்துச் சுருங்கியது. பக்கத்திலேயே தெருவில் கிடந்த புருஷன் மேல் குப்புறப் படுத்துக்கொண்டு, விழுந்த அடிகளையெல்லாம் கமலம் முதுகில் வாங்கினாள். அவள் முதுகைத் தாண்டிக் குதித்தவன் ஒருவனின் செருப்பு சின்னப்பனின் கையை மிதித்துக்கொண்டு போயிற்று.

ராயப்பன் படியை விட்டு இறங்கவில்லை. சம்பந்தி, "உள்ள வாங்க, உள்ள வாங்க," என்று அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார்.

போலீஸ் வந்தது. சாரை வேலூரில் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். சின்னப்பனைப் போலீஸ் காவலோடு மூங்கில் பாடையில் வைத்து ஆற்று வழியாகவே கொண்டுபோய்ப் புதைத்தார்கள். மேலத்தெருவார் முந்திக்கொண்டு புகார் கொடுத்தார்கள். காலனிக்காரர்கள் கலகம் செய்ய வந்தார்கள், கைகலப்பில் ஜோவின் வீசிய இரும்புதான் சார் மேல் பட்டது, அதைக் கண்ணால் பார்த்தோம் என்று ஏழெட்டுப் பேர் எழுதிக் கொடுத்தார்கள். முதுகெல்லாம் செயின் தடத்தோடு ஜோவினை வேலூர் ஜெயிலில் அடைத்தார்கள்.

வீட்டில், இன்பம் குளியலறைக் கல்லில் உட்கார்ந்து புளியும் சாம்பலும் போட்டுக் கொக்கியைத் தேய்த்தாள். ரிச்சர்ட் சுவரில் சாய்ந்து நின்றான்.

"நைனா, நான் காலத்தான்…"

"வாய மூடு," என்றார் ராயப்பன்.

"சித்தப்பா குனிவாருன்னு நான் கண்டனா?"

"வாய மூடுன்னேன்."

இன்பம் தலை நிமிராமலே பேசினாள். "இன்னாங்க, ஒரு ஓலைதான் பாக்கி. அது முடியற வரைக்கும் எதுவும் பேசாதீங்க. அந்தப் பையனுக்கு வக்கீல் வெச்சு அப்பறமா வெளிய எடுத்துடலாம். அவன் ஜெயில்ல பத்து நாள் இருந்தா செத்தா போயிடுவான்?"

அந்த ஞாயிறு பூசை நடக்கவில்லை. வயதான சாமியார் கோயிலைப் பூட்டிக்கொண்டு அழுதார் என்று சொன்னார்கள். மூன்றாம் ஓலை அடுத்த வாரத்துக்குத் தள்ளிப்போனது.

திங்கட்கிழமை ராயப்பன் மண்டிக்குப் போனார். புதிதாக ஒரு லோடு வந்து இறங்கியிருந்தது. தோல்களைப் புரட்ட அவர் கை வழக்கம்போல நீண்டது. கொக்கியைப் பிடித்ததும் விட்டுவிட்டார். ஆபித் பாஷா அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னா ராயப்பண்ணே, ஹூக்கு சுடுதா?"

"கை வலி பாய்."

"ஜாஸ்தி வலியா?"

பாஷா டீயை அவர் பக்கம் நகர்த்தினார். "புரொபசருக்குக் கண்ணு போயிடுச்சுன்னு சொல்றாங்க. என் தங்கச்சி ஜஹீருன்னிசா பிரசவத்தப்ப ரத்தம் இல்லன்னு நான் பேஜாராகி நின்னேன். காலேஜுலருந்து பசங்கள வண்டி வெச்சுக் கூட்டியாந்து குடுக்க வெச்சாரு அந்த மனுசன். நீங்க எனக்கு தோஸ்த்து. அதனால ஒண்ணும் கேக்கல. ஆனா மண்டியில எல்லாரும் ஒங்க கையத்தான் பாக்கறாங்கண்ணே."

"பாத்தா பாக்கட்டும்."

"பாக்கட்டும். நான் மட்டும் எப்படிப் பாக்காம இருக்கறது?"

மறுநாள் ராயப்பன் வேலூர் பஸ் ஏறினார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, இஸ்திரி மடிப்புக் கலையாமல். ஆஸ்பத்திரி வராந்தாவில் காலனிப் பெண்கள் இருவர் கஞ்சிப் பாத்திரத்தோடு உட்கார்ந்திருந்தார்கள். அவரைக் கண்டதும் எழுந்து ஒதுங்கினார்கள். வாசலில் எஸ்.ஐ. ராமலிங்கம் எதிர்ப்பட்டார்.

"ஐயா, உங்க தம்பி விழுந்துட்டேன்னு சொல்றாரு."

"இன்னா?"

"யாரும் அடிக்கலையாம். தூம்பா சாய்ஞ்சப்ப அதோட இரும்புக் கம்பியில விழுந்தாராம். ஜோவின் மேல தப்பில்லன்னு எழுதிக்கச் சொல்றாரு. டாக்டர் இது கூர் வளைஞ்ச இரும்பு பட்ட காயம்னு எழுதிட்டாரு. பார்த்தோம்னு ஏழெட்டுப் பேர் கையெழுத்துப் போட்டிருக்காங்க. விழுந்தேன்னு ஒருத்தர் சொல்றத வெச்சு நான் அந்தப் பையனை விட முடியாதுங்க. இது கொலை முயற்சி கேசு. புரொபசர் பொய் சொல்றாருன்னு எனக்கே தெரியுது. யாருக்காகன்னுதான் தெரியல." ராமலிங்கம் அவரை ஒரு கணம் உற்றுப் பார்த்துவிட்டுப் போனார்.

சாரின் தலையில் பாதியும் கட்டு. ஒரு கண்தான் வெளியே தெரிந்தது. அண்ணனைப் பார்த்ததும் எழ முயன்றார். அண்ணன் வந்தால் எழுந்து நிற்பது அந்த வீட்டு வழக்கம்.

"படுடா."

சார் படுத்தார். மேலே மின்விசிறி கடகடத்தது.

"கஞ்சி குடிச்சியா?"

"குடிச்சேண்ணா. கமலம் குடுத்தனுப்பிச்சாங்க."

"எதுக்கு விழுந்துட்டேன்னு சொன்ன?"

சார் மறுபக்கம் திரும்பினார். "வேற இன்னா சொல்றது?"

"வாழ்க்கை பூரா பசங்களுக்கு இன்னா சொல்லிக் குடுத்த? பாத்தவன் சொன்னாத்தான் சரித்திரம்னு கூடத்துல ஒக்காந்து கத்துவியே. எவனோ எப்பவோ செத்தான், எவன் பாத்தான்னு தோண்டித் தோண்டி எடுப்பியே. ஒன் கண்ணு போனதுக்கு நீயே பொய் சொல்றியா?"

"ரிச்சர்ட நான் தோள்ல தூக்கி வளத்தேண்ணா. அவன் பேர என் வாயால எப்படிச் சொல்றது? அண்ணி மொகம் வந்து நிக்குது. ஓலை வேற பாக்கி. ஜோவினையும் விடணும், இவனையும் விடணும். நான் விழுந்துட்டா ரெண்டு பேரும் பொழச்சுக்குவாங்கன்னு நெனச்சேன்."

"ஜோவினை விடல."

"தெரியும். எஸ்.ஐ. சொன்னாரு." குரல் உடைந்தது. "நான் பொய் சொல்லியும் பிரயோசனம் இல்லாம போச்சு."

ராயப்பன் நாற்காலியில் முதுகைச் சாய்க்காமல் உட்கார்ந்திருந்தார். "அரிசி வாங்கிக்கினு போயி ராத்திரியில கதவாண்ட வெச்சிட்டு வருவியே, வாங்கறவனுக்குக் கூச்சமா இருக்கும்னு. அது மாதிரி எங்க வீட்டுக் கதவாண்டயும் வெச்சிட்டியா?"

"அண்ணா…"

"நம்ப அப்பன் செத்தப்ப வீட்ல குண்டுமணி அரிசி இல்ல. சாமியார் குடுத்தனுப்பிச்சாரு. நான் திருப்பி அனுப்பிட்டேன். நீ பசியில அழுத. ஒன்ன அடிச்சேன். தோல் ஷெட்டுக்குப் போயி உப்பு வாரிக்கினு வந்து ஒனக்குச் சோறு போட்டேன். இந்தக் குடும்பம் எவன் கிட்டயும் தர்மம் வாங்கினது கெடையாது. நீ போடற, நான் வாங்கணும். அப்படித்தான?"

சார் அழுதார். ஒரு கண்ணால்தான் அழ முடிந்தது. "தப்பு என்னோடதுண்ணா. சாவிய நான் எடுத்திருக்கக் கூடாது. ஆனா நீங்க சாப்டுக்கினே இருந்தீங்க. அதனால சரின்னு நெனச்சேன். அந்த நிமிசம் எனக்கு எவ்ளோ சந்தோசம் தெரியுமா? இத்தினி வருசத்துக்கு அப்பறம் எங்கண்ணன் ஒத்துக்கிட்டாருன்னு. தண்டு தூக்கினப்ப தோள்ல பாரமே தெரியலண்ணா."

ராயப்பன் வேட்டி மடிப்பை விரலால் நீவினார்.

"சம்பந்தி ஒக்காந்திருந்தாருடா."

சார் அந்த ஒற்றைக் கண்ணால் அவரைப் பார்த்தார். புரிந்துகொண்டார். ராயப்பன் எழுந்து, கட்டிலுக்குக் கீழே கிடந்த தம்பியின் செருப்பை ஜோடி சேர்த்து வைத்துவிட்டு வெளியே வந்தார்.

ஞாயிற்றுக்கிழமை கோயில் நிறைந்திருந்தது. வாசலில் இரண்டு போலீஸ்காரர்கள். மேலத்தெருவார் நடுப்பக்கம். காலனியார் வழக்கம்போல ஓரச் சிறகில், எண்ணிக்கை குறைவு. வெள்ளைப் புடவையில் கமலம் தூண் ஓரமாக, முதுகு சுவரில் படாமல் முன்னால் வளைந்து உட்கார்ந்திருந்தாள். ராயப்பன் முதல் வரிசையில். பக்கத்தில் மல்லு வேட்டியில் ரிச்சர்ட். குடியாத்தத்திலிருந்து பெண் வீட்டாரும் வந்திருந்தார்கள். பெண்கள் பக்கமிருந்து இன்பம் எட்டிப் பார்த்தாள். ராயப்பன் மடியில் ஒரு மஞ்சப்பை இருந்தது. அதில் என்ன என்று அவளுக்குத் தெரியவில்லை. அரிசிக் குதிருக்குள் தான் ஒளித்ததை அவர் எடுத்திருப்பார் என்று அவள் நினைக்கவில்லை.

பூசை முடியும் தறுவாயில் சாமியார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஓலை வாசித்தார். மாதாக்குப்பம் ராயப்பன் இன்பம் இவர்களின் மகன் ரிச்சர்ட் என்று தொடங்கி, பெண்ணின் பேர், ஊர், பங்கு எல்லாம் சொல்லி, "இது மூன்றாம் அறிக்கை. இதற்குத் தடை ஏதும் இருப்பதாக அறிந்தவர்கள் தெரிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள்," என்று முடித்துக் கண்ணாடியைக் கழற்றினார். அந்த இடத்தில் யாரும் எழுந்து அந்த ஊர் பார்த்ததில்லை.

ராயப்பன் எழுந்தார்.

"தடை இருக்குது சாமி."

சாமியார் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். "இன்னா பெரியவரே, கல்யாணத்துக்கு…"

"கல்யாணம் பண்ண பையன் வீட்ல இருக்கணும். இவன் இன்னிக்கு ஸ்டேஷனுக்குப் போறான்." மஞ்சப்பையிலிருந்து கொக்கியை எடுத்தார். தேய்த்துத் தேய்த்துப் பளபளத்தது. "இது எங்க வீட்டுக் கொக்கி. என் தம்பி கண்ண எடுத்தது இது. அடிச்சது இவன். ஜோவின் இல்ல. கால ஒடின்னு சொன்னது என் வாய். படியில நின்னு பாத்தது என் கண்ணு. கையெழுத்துப் போட்டவங்க எல்லாம் இங்கதான் ஒக்காந்திருக்கறீங்க. யாரும் பாக்கல. பாத்தவன் நான்."

பெண்கள் பக்கம் இன்பத்தின் குரல் ஒரு முறை கேட்டு அடங்கியது. ரிச்சர்ட் தலையைக் கைகளுக்குள் புதைத்துக்கொண்டான். ராயப்பன் அவன் தோளில் கை வைத்தார். "எந்திரி," என்றார். "நிமுந்து நட." அவன் எழுந்தான். இருவரும் நடுப்பாதையில் நடந்து வெளியே போனார்கள். கமலம் தலை திருப்பவில்லை. அவர்கள் அவளைத் தாண்டிப் போனபோதும் பீடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மத்தியானம் ஆகிவிட்டது. ராயப்பன் தனியாக வீட்டுக்கு வந்தார். ஸ்டேஷனில் ரிச்சர்டை வைத்துக்கொண்டு, அவரையும் உட்காரவைத்து எழுதி வாங்கியிருந்தார்கள். கூப்பிடும்போது வர வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள். ஜோவினை விடக் கோர்ட்டில் சொல்ல வேண்டும், நாளாகும் என்றார் ராமலிங்கம். இன்பம் தட்டு வைத்தாள். சோறு போட்டாள். குழம்பை ஊற்றிவிட்டு எதிர்ச் சுவரைப் பார்த்து உட்கார்ந்தாள். ஆணியில் சாவி திரும்ப மாட்டியிருந்தது. தெருவில் கிடந்ததை யாரோ கொண்டுவந்து கொடுத்தார்கள். அது திறக்கும் அறையில் இப்போது ஒன்றுமில்லை.

அவர் இரண்டு கவளம் சாப்பிட்டிருப்பார். வாசலில் செருப்புகள் கழற்றும் சத்தம். மேலத்தெருப் பெரியவர்கள், அவர்களோடு சம்பந்தி. உள்ளே வந்து உட்கார்ந்தார்கள்.

"ராயப்பா, நடந்தது நடந்துபோச்சு," என்றார் ஒருவர். "தம்பிக்கு அடிபட்ட வேதனை. புத்தி தடுமாறிப் பேசிட்டேன்னு ஸ்டேஷன்ல ஒரு வார்த்தை. மீதிய நாங்க பாத்துக்கறோம்."

"பொண்ணு அழுவுதுங்க," என்றார் சம்பந்தி. "நாலாவது வாட்டி ஓலை வாசிச்சாலும் எனக்கு ஆட்சேபணை இல்ல. நீங்க ம்னு சொன்னா போதும். பையன் பொழச்சிடுவான். உங்க குடும்ப மானம் மிஞ்சும்."

இன்பம் மெல்லத் திரும்பினாள். அவள் கண்கள் புருஷனின் முகத்துக்குப் போகவில்லை. கைக்குப் போயின. அந்த வீட்டில் முப்பது வருஷம் வாழ்ந்தவள். எங்கே பார்க்க வேண்டும் என்று அவளுக்குத் தெரியும்.

கை சோற்றில் இருந்தது. பிசைந்த கவளம் விரல்களுக்குள் இருந்தது. ராயப்பன் சம்பந்தியை ஏறிட்டுப் பார்த்தார்.

கவளத்தைத் தட்டிலேயே போட்டார். பிறகு இடக்கையால், பெரியவர்கள் உட்கார்ந்திருந்த பக்கமாகத் தட்டைத் தள்ளினார். சிமெண்டுத் தரையில் கிறீச்சிட்டபடி போய் அது சம்பந்தியின் முழங்காலுக்கு முன்னால் நின்றது.